மிதக்கும் கண்ணாடிக் குழல்

குழாயில் ஊற்றும் பீருக்கான கலால் வரியை 2025 ஆகஸ்ட் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு உயர்த்துவதில்லை என்று ஆஸ்திரேலிய அரசு முடிவு செய்த செய்தியை, பெர்த் நகரில் இருக்கும் நண்பன் எனக்கு அனுப்பியிருந்தான். அந்த நாட்டில் இந்த வரி வழக்கமாக விலைவாசியோடு சேர்ந்து ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், ஏறும். "எல்லாரும் கொண்டாடுறாங்க. காய்ச்சுறவங்ககிட்ட கேட்டா வேற கதை வரும். குடும்பத்தோட வா" என்று கீழே எழுதியிருந்தான். செப்டம்பரில் ஒரு வார இறுதிக்குப் போனோம்.

சனிக்கிழமை மகளுக்கானது. பெர்த்தை ஒட்டிய ஃப்ரீமாண்டில் துறைமுகத்திலிருந்து படகில் அரைமணி நேரத்தில் ராட்நெஸ்ட் தீவு. பூனை அளவுள்ள குவாக்காக்கள் சைக்கிள்களுக்கு நடுவே பயமில்லாமல் குதித்துப் போகின்றன. 1696இல் வந்த டச்சு மாலுமி விளாமிங் இவற்றைப் பெரிய எலிகள் என்று நினைத்து, எலிக்கூடு என்ற பொருளில் தீவுக்குப் பெயர் வைத்தார். இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான நூங்கார் மக்களுக்கு அது வாஜமப். 1838 முதல் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு அந்த மக்களையும் மற்றப் பூர்வகுடிகளையும் சங்கிலியிட்டு அடைத்துவைத்த சிறைத்தீவும் இதுதான். குவாக்காவோடு படம் எடுக்க வருகிறவர்கள் அந்தச் சிறைக் கட்டடத்தின் முன்னாலும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஒரு தாயின் வயிற்றுப்பையிலிருந்து குட்டி தலை நீட்டியதை மகள் பார்த்துவிட்டாள். மாலைப் படகுக்கு அவளை இழுத்துக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது.

ஃப்ரீமாண்டில் பழைய ஊர். கைதிகள் சுண்ணாம்புக் கல்லில் கட்டிய சிறை இன்று உலகப் பாரம்பரியச் சின்னம். ஆஸ்திரேலியாவின் சிறு பீர் ஆலைகளின் கதையும் பெரும்பாலும் இங்கேதான் தொடங்கியது. 1984 வாக்கில் சில நண்பர்கள் 'செயில் அண்ட் ஆங்கர்' என்ற மதுக்கூடத்திலேயே சொந்தமாகக் காய்ச்சி ஊற்றினார்கள். 2000இல் துறைமுகக் கரையில், ஒருகாலத்தில் முதலைப் பண்ணையாக இருந்த கொட்டகையில், 'லிட்டில் கிரியேச்சர்ஸ்' வந்தது. 2012இல் அதைப் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கிக்கொண்டது.

ஞாயிறு காலை நண்பன் எங்களை அழைத்துப்போன இடம் அவ்வளவு பிரபலமில்லை. மெக்கானிக் கடைகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. முன்பாதியில் மேசைகளும் குழந்தைகளுக்கு மணல் தொட்டியும். பின்பாதியில் எஃகுத் தொட்டிகள். உரிமையாளரும் தொழிலாளியும் ஒரே ஆள். ஐம்பது வயதைத் தாண்டியவர். கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தவர். தொட்டிகளில் ஒன்றைத் தானே பற்றவைத்துச் செய்திருந்தார்.

ஒருமுறை காய்ச்சினால் 1,000 லிட்டர். அதற்கு முளைகட்டி உலர்த்திய பார்லி 200 கிலோ. 25 கிலோ மூட்டைகள் எட்டையும் அவரேதான் தூக்கிக் கொட்டுகிறார். சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஊறும்போது பார்லியின் மாவு சர்க்கரையாகிறது. அந்த வாசனை, முளைகட்டிய கேழ்வரகைக் கஞ்சி காய்ச்சும் அடுப்படி வாசனை. தெளிந்த நீரை வடித்து, கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விடுகிறார். அதற்குப் பிறகு குளிர்விக்கும் குழாய்களின் போக்கு எனக்குப் பிடிபடவில்லை. மிஞ்சிய ஈரச் சக்கையை மண்வாரியால் அள்ளி வெளியே போடுவதுதான் கொடுமையான வேலை. கால் டன்னுக்கு மேல் இருக்கும். அதை மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் வந்து தீவனத்துக்கு எடுத்துப் போகிறார். "பீர் காய்ச்சுகிறவன் என்று பெயர். பாதிக்கு மேல் கழுவுகிற வேலைதான்" என்றார். கழுவும் காரக் கரைசல் பட்டுத் தடித்த விரல்கள்.

பிறகு ஒரு கண்ணாடிக் குழலை எடுத்தார். ஹைட்ரோமீட்டர். பால் சொசைட்டியில் லாக்டோமீட்டரைப் பாலில் விட்டுப் பார்ப்பார்களே, அதே வேலைதான். மகளைக் கூப்பிட்டு, அன்று காய்ச்சிய சர்க்கரை நீரில் மிதக்கவிட்டு, கோட்டைப் படிக்கச் சொன்னார். 1.048. ஒரு வாரமாக நொதித்து முடிந்திருந்த பக்கத்துத் தொட்டியிலிருந்து பிடித்ததில் குழல் ஆழமாக இறங்கி 1.010 காட்டியது. "சர்க்கரை எங்கே போச்சு, அப்பா?" என்றாள். அவளுக்குத் தமிழில் சொன்னேன்: ஈஸ்ட் தின்றுவிட்டது, அது விட்டுப்போனதுதான் போதை. இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள இறக்கத்தை வைத்துக் கணக்கிட்டால் 5 சதவீதம் ஆல்கஹால்.

அரசும் இதே எண்ணின்மீதுதான் வரி போடுகிறது. முதல் 1.15 சதவீதத்தை விட்டுவிட்டு, மிச்சமுள்ள ஆல்கஹாலுக்கு லிட்டர் கணக்கில் வரி. கெக் என்று அவர்கள் சொல்லும் 50 லிட்டர் எஃகுப் பீப்பாய் ஒன்றுக்கு 80 டாலருக்கு மேல் வருகிறது. அப்படியானால் வரி உயர்வை நிறுத்தியது உங்களுக்கு நல்லதுதானே என்று கேட்டேன்.

"எனக்கு ஒரு சென்ட்கூட இல்லை" என்றார்.

நாங்கள் போனபோது, 2021 ஜூலையிலிருந்து நடப்பில் இருந்த விதிப்படி, தகுதியுள்ள ஒவ்வொரு ஆலைக்கும் ஆண்டுக்கு 3,50,000 டாலர் வரை கலால் வரி முழுவதும் தள்ளுபடியாக இருந்தது. மாதம் இரண்டு முறை காய்ச்சும் இவர் அந்த எல்லையின் பக்கத்தில்கூட இல்லை. வரி உயர்வு நின்றதன் பலன் பெரிய ஆலைகளுக்குப் போகிறது. இவருக்கு அடைபட்டிருப்பது வேறு குழாய். பெரிய ஆலைகள் மதுக்கூடங்களுக்குக் குளிர்பெட்டியும் குழாய்களும் போட்டுக்கொடுத்து, தள்ளுபடியும் கொடுத்து, பதிலுக்குக் குழாய்களில் பெரும்பங்கை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்கின்றன. நாட்டின் இரண்டு பெரிய பீர் நிறுவனங்களும் இன்று ஜப்பானிய நிறுவனங்களின் கையில். இந்த ஒப்பந்தங்களை விசாரித்த ஆஸ்திரேலிய வணிகப் போட்டி ஆணையம், போட்டி பெரிதாகக் குறைந்துவிடவில்லை என்று 2017இல் விசாரணையை முடித்துக்கொண்டது. சட்டத்தின் கணக்கு அப்படி இருக்கலாம். தன் தெருமுனை மதுக்கூடத்திலேயே ஒரு குழாய் கிடைக்காமல், 60 கிலோவுக்கு மேல் கனக்கும் பீப்பாயை நகரத்தின் மறுகோடிக்கு ஏற்றிப்போகிற ஒருவரின் முன்னால் நின்றுகொண்டு அதை நியாயம் என்று சொல்ல என்னால் முடியாது. கைவினை என்று பெயர் சூட்டி மெச்சுகிறோம். அது விற்கிற வாசலை மட்டும் வேறொருவர் பூட்டிவைத்திருக்கப் பேசாமல் இருக்கிறோம். நெசவிலிருந்து பீர் வரை இதே கதைதான்.

நான் ஒரு கோப்பை குடித்தேன். கசப்பு நாவில் நின்று, கடைசியில் பழவாசனை வந்தது. மனைவிக்கு இஞ்சி பீர். மகள் அந்தக் கண்ணாடிக் குழலை இன்னொருமுறை மிதக்கவிடக் கேட்டாள், பொறுமையாகக் கொடுத்தார்.

ஃப்ரீமாண்டில் போகிறவர்கள் எந்த மதுக்கூடத்தில் உட்கார்ந்தாலும், குழாய்ப்பிடியில் உள்ள பெயரோடு நின்றுவிடாதீர்கள். இந்த ஊரில் காய்ச்சியது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால், ஏன் இல்லை என்றும் கேளுங்கள்.