கணித ஆசிரியனும் மாணாக்கன் கருத்தும்

கணிதத்தை ஐயந்திரிபறக் கற்றவன் அதனைப் பிறர்க்குக் கற்பிக்கவும் வல்லனாவான் என்பது நம்மிற் பலர்க்கு இயல்பாகவுள்ள கொள்கை. இக்கொள்கை முழுதும் பொய்யன்று. தான் அறியாததொன்றைப் பிறர்க்கு அறிவித்தல் யாராலும் இயலாது. ஆயினும், ஆசிரியன் அறியவேண்டுவன இரண்டு. ஒன்று, தான் கற்பிக்கும் பொருள். மற்றொன்று, அப்பொருளைப்பற்றி மாணாக்கன் தன் உள்ளத்தே முன்னமே கொண்டிருக்கும் கருத்து. முன்னதை நம் கல்லூரி வகுப்புக்களிற் கற்கிறோம். பின்னதை எங்கே கற்கிறோம்? இவ்வினாவைக் குறித்துச் சில சொல்லுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கல்லூரியிற் கணிதம் பயின்று ஆசிரியப் பயிற்சிக்குச் செல்லும் இளைஞர் ஆண்டுதோறும் பலர். பயிற்சி மாணவரோடு பள்ளிகளுக்குச் சென்று, அவர்கள் பாடம் நடத்துவதைப் பின்வரிசையில் அமர்ந்து காணும் பணியிற் சில ஆண்டுகளாக யான் ஈடுபட்டிருக்கிறேன். பிழைசெய்த பிள்ளைகளைப்பற்றி அவர்கள் தத்தம் குறிப்பேட்டில் எழுதுவனவற்றை ஊன்றிப் படிப்பது என் வழக்கம். "கவனக்குறைவு", "அடிப்படை போதாது", "வீட்டிற் படிப்பதில்லை" என்னும் மூன்று தொடர்களே அவற்றில் மீண்டும் மீண்டும் வரும். இம்மூன்றும் பிள்ளையைப்பற்றிய தீர்ப்புக்கள். பிள்ளை செய்த கணக்கைப்பற்றிய செய்தி ஒன்றேனும் அவற்றுள் உண்டா என்று நோக்குக. நோயாளியைப் பார்த்துவந்த மருத்துவ மாணவன் ஒருவன், "இவர் உடம்பைப் பேணுவதில்லை" என்று மட்டும் எழுதிக் கொடுப்பானாயின், அவன் ஆசிரியர் அதனை ஏற்பாரோ?

ஓர் எடுத்துக்காட்டுத் தருவேன். தொடக்கப்பள்ளியொன்றின் மூன்றாம் வகுப்பில் எண்களைச் சொல்லி எழுதச் செய்யும் பாடம் நடந்தது. சிறுமியொருத்தி நூற்று மூன்று என்பதை 1003 என்றும், இருநூற்று முப்பத்தைந்து என்பதை 20035 என்றும் எழுதியிருந்தாள். நூற்றுக்குட்பட்ட எண்கள் யாவும் அவளுக்குச் சரியாகவே வந்தன. பாடம் நடத்திய பயிற்சி மாணவர் சிவப்பு மையால் அடித்து, "கவனம் தேவை" என்று எழுதினார். கற்றலிற் பின்தங்கியவரைத் தனி வரிசையில் அமர்த்துவது அவ்வகுப்பின் வழக்கம். அவ்வரிசைக்கு இவளையும் அனுப்பலாம் என்பதே அவர் குறிப்பின் இறுதி வரி.

"அவள் எப்படி எழுதினாள் என்று கேட்டீரோ?" என்றேன்.

"தவறாக எழுதியிருப்பது தெரிகிறதே, ஐயா" என்றார் அவர். எனினும் மறுக்காது சென்று, அச்சிறுமியின் அருகே தரையில் அமர்ந்து கேட்டார். அவள் சிறிதும் தயங்காமல், "முதலில் நூறு எழுதினேன்; அப்புறம் மூன்று எழுதினேன். நூற்று மூன்றுதானே, சார்?" என்றாள்.

அவள் விடையிற் கவனக்குறைவு எங்கேயுள்ளது? செவியிற் கேட்ட சொல்லை அவ்வொழுங்கிலேயே கையால் எழுதியிருக்கிறாள். நூற்றுக்குட்பட்ட எண்களை அவள் எழுதி எழுதிப் பழகியிருந்தாள். அதற்கு அப்பாற்பட்டவற்றிற்குத் தானே ஒரு விதி வகுத்துக்கொண்டாள். அவ்விதியைப் பிறழாது பின்பற்றவும் செய்தாள்.

இவ்விதி நம் நாட்டிற்குப் புதியதுமன்று. பழைய தமிழ் எண் முறையிற் பத்துக்கு ௰ என்றும், நூற்றுக்கு ௱ என்றும் தனித்தனிக் குறிகள் உண்டு. நூற்று மூன்றை ௱௩ என்றும், இருநூற்று முப்பத்தைந்தை ௨௱௩௰௫ என்றும் நம் முன்னோர் எழுதினர். அம்முறையில் எழுத்து சொல்லை அடியொற்றிச் செல்லும். பூஜ்யத்திற்கு ஆங்கே வேலையில்லை. அச்சிறுமி ௱ என்பதற்கு ஈடாக 100 என்பதை ஒரே குறியாகக் கொண்டாள். அதன்பின் மூன்றை வைத்தாள். ஓலையிற் கணக்கெழுதிய நம் முன்னோரை மந்தரென்று கூறுவார் இலர். அவர்தம் நெறியைத் தானே கண்டுகொண்ட எட்டு வயதுக் குழந்தையைப் பின்வரிசைக்கு அனுப்புவது எவ்வாறு முறையாகும்?

எனினும் 1003 என்பது தவறான விடை என்பதில் ஐயமில்லை. அவள் நெறியைப் புரிந்துகொள்ளுதல் வேறு, அதனை அப்படியே விட்டுவிடுதல் வேறு. "பத்து முறை எழுதச் சொல்லட்டுமா, ஐயா?" என்று பயிற்சி மாணவர் கேட்டார். "எழுதினால் 103 வந்துவிடும், 104 வருமோ?" என்றேன். அவர் சிறிது நேரம் சிந்தித்தார். பின் தம் குறிப்பேட்டின் ஓரத்தில் 40012 என்று எழுதி மூடிவிட்டு, சிறுமியை நோக்கி, "நானூற்றுப் பன்னிரண்டு எழுதம்மா" என்றார். அவளும் 40012 என்றே எழுதினாள். அவள் செய்யப்போகும் பிழையை அவர் முன்னரே அறிந்துவிட்டார். அப்பொழுதுதான் அவர் முகத்தில் ஆசிரியருக்குரிய மகிழ்ச்சியைக் கண்டேன்.

மறுநாள் அவர் அட்டைத் துண்டுகள் சில கொண்டுவந்தார். நூறுகளுக்கு நீண்ட துண்டு, பத்துகளுக்கு இடைப்பட்டது, ஒன்றுகளுக்குச் சிறியது. 200 என்னும் அட்டையின் மேல் 30 என்பதை வலப்புற விளிம்பு ஒன்றும்படி வைத்து, அதன்மேல் 5 என்பதை வைத்தால் 235 தோன்றும். சிறுமி அடுக்கினாள், பிரித்தாள், மீண்டும் அடுக்கினாள். "பூஜ்யம் எங்கேயும் போகவில்லை, சார். அடியில் இருக்கிறது" என்றாள். இடமதிப்பைப்பற்றி இதனினும் தெளிவான விளக்கத்தை யான் எந்நூலிலும் கண்டிலேன். அதன்பின் 306, 412 முதலியன சரியாக வந்தன. ஆயிரத்து நான்கு என்றபோது மட்டும் 10004 என்றாள். பயிற்சி மாணவர் அதுகண்டு சோர்ந்தாரல்லர். ஆயிரத்திற்கும் அட்டை வெட்டச் சென்றார்.

நிற்க. இத்திறன் சிலர்க்குப் பிறவியிலேயே அமைவது என்றும், ஏனையோர்க்குக் காலப்போக்கில் தானே வரும் என்றும் கூறுவாருண்டு. 2010-ஆம் ஆண்டில் விக்டோரியா ஜேக்கப்ஸ், லிசா லாம்ப், ராண்டல்ஃப் பிலிப் என்னும் அமெரிக்க ஆய்வாளர் மூவர், ஆசிரியரும் ஆசிரியராகப் பயில்வோருமாகிய 131 பேரைக்கொண்டு இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். அவர்கள் இத்திறனை மூன்று கூறாகப் பகுத்தனர். பிள்ளை செய்ததையும் சொன்னதையும் உள்ளவாறு காணுதல் முதலாவது; அதனின்று அப்பிள்ளை அறிந்தது யாதென்று உய்த்துணர்தல் இரண்டாவது; அதற்கேற்ப அடுத்துச் செய்வது இன்னதெனத் துணிதல் மூன்றாவது. நம் அளவை நூலார் வழங்கிய காண்டல், கருதல் என்னும் சொற்கள் முதலிரண்டிற்கும் நன்கு பொருந்தும். பல்லாண்டு கற்பித்த பழக்கம் இவ்விரண்டிற்கும் ஓரளவு துணைசெய்தது. மூன்றாவதாகிய துணிதலோ, அதற்கென்றே அமைந்த நெடும்பயிற்சி பெற்றாரிடத்தே விளங்கிற்று. ஆகவே, தலை நரைத்தால் இத்திறன் தானே வருமென்று எண்ணியிருத்தல் பயனில்லை. இது கற்பிக்கத்தக்கது, கற்பிக்கவும் வேண்டுவது.

எவ்வாறு கற்பிப்பது? ஒரு வழி, பயிற்சி மாணவர் கையில் விடைத்தாளைக் கொடுத்து, "இப்பிள்ளை அடுத்த கணக்கிற்கு என்ன விடை எழுதும்?" என்று கேட்பது. 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என்று ஒரு சிறுவன் எழுதுகிறான். 81-இலிருந்து 46-ஐக் கழித்தால் அவன் யாது எழுதுவான்? 45 என்போர் அவன் உள்ளத்தை அறிந்தோராவர். அவன் ஒவ்வோரிடத்தும் பெரிய இலக்கத்தினின்று சிறியதைக் கழிக்கிறான். எது மேலது, எது கீழது என்று பார்ப்பதில்லை. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்டு பர்ட்டன் என்னும் இருவர் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகளின் கழித்தற் பிழைகளுட் பல இத்தகைய நிலைத்த விதிகளினின்று பிறப்பன என்று காட்டினர். 'பக்கி' என்னும் கணிப்பொறி விளையாட்டொன்றையும் அமைத்தனர். பொறி ஒரு பிள்ளையைப்போலப் பிழைசெய்யும். ஆசிரியப் பயிற்சி பெறுவோர் கணக்குக் கொடுத்துக் கொடுத்து அப்பிழையின் விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்குப் பொறி வேண்டுமென்பதில்லை. ஒரு கட்டு விடைத்தாளும், இரண்டு நண்பரும், ஒரு மாலைப்பொழுதும் போதும்.

தவறான விடையை மட்டுமே ஆராய்ந்தால் போதும் என்று எண்ணவும் கூடாது. 1973-இல் ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்பார், பென்னி என்று பெயரிட்டு ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுவனைப்பற்றி எழுதினார். அவன் தன் பாடப் பயிற்சிகளைத் தேர்ச்சியோடு கடந்து வந்தவன். நன்கு முன்னேறுகிறவன் என்று ஆசிரியரும் கருதியிருந்தார். எர்ல்வாங்கர் அவனோடு அமர்ந்து உரையாடியபோதோ, பின்னத்தைத் தசமமாக்க மேலெண்ணையும் கீழெண்ணையும் கூட்டிப் புள்ளி வைப்பது அவன் விதியென்று தெரிந்தது. பத்தில் இரண்டு அவனுக்கு 1.2, பத்தில் ஐந்து 1.5; பதினொன்றில் நான்கும் 1.5. மதிப்பெண் மட்டும் பார்த்தவர்க்கு இது புலப்படவில்லை, கேட்டவர்க்குப் புலப்பட்டது.

இன்னும் ஒன்று. பிள்ளையின் விசித்திரமான சொல்லினுள் சில வேளை உண்மைக் கணிதமே இருப்பதுண்டு. டெபோரா பால் என்னும் அமெரிக்க ஆசிரியர் 1990-இல் தம் மூன்றாம் வகுப்பிற் கண்டதொன்று கல்வி நூல்களிற் பெரிதும் பேசப்படுகிறது. ஆறு என்னும் எண் இரட்டையுமாம், ஒற்றையுமாம் என்றான் ஒரு சிறுவன். அதில் இரண்டுகள் மூன்று உள்ளன, மூன்று ஒற்றையன்றோ என்பது அவன் காரணம். அவ்வாசிரியர் அவன் வாயை அடைக்கவில்லை. வகுப்பு அதனை விவாதித்தது. 2, 6, 10, 14 என இத்தகைய எண்களுக்கு அச்சிறுவன் பெயராலேயே ஒரு பெயர் வைத்து ஆராய்ந்தது. யூக்ளிட் தம் ஏழாம் நூலின் வரையறைகளுள், இரட்டையால் ஒற்றை முறை அளக்கப்படும் எண் என்று ஒருவகையை வைத்திருப்பது கணித மாணவர் அறிந்ததே. இரட்டையெண் இரட்டையே, ஒற்றையன்று என்பதை ஆசிரியன் நிலைநாட்டத்தான் வேண்டும். ஆனால் தன் வகுப்பிலுள்ள சிறுவன் யூக்ளிட் நின்ற இடத்திற்கு அருகே வந்து நிற்பதை அறியாதிருப்பானாயின், அவன் கற்ற கணிதத்தாற் பயன் யாது?

"நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிடம், முடிக்கவேண்டிய பாடம், நெருங்கிவரும் தேர்வு, ஒவ்வொருவர் உள்ளத்தையும் ஆராய்வதெப்படி?" என்று பயிற்சி மாணவர் கேட்பர். நியாயமான வினா. இதனை எளிதிற் புறக்கணிக்கும் பேராசிரியர் நாற்பது பிள்ளைகளின்முன் அண்மையில் நின்றவரல்லர். யான் கண்ட விடை இது: நாற்பது பிள்ளைகள் நாற்பது விதமாகப் பிழை செய்வதில்லை. ஏடுகளை மதிப்பெண்ணை நோக்கி அடுக்காமல், பிழையின் இனம் நோக்கி அடுக்கினால், பெரும்பாலும் மூன்று நான்கு குவியல்களே அமையும். குவியலுக்கு ஒரு பிள்ளையை அழைத்து, "எப்படிச் செய்தாய், சொல்" என்று கேட்டால் மறுநாட் பாடத்திற்கு வழி பிறக்கும். இச்செயலுக்கு நேரம் வேண்டும். ஆனால் காரணம் அறியாது ஒரே பாடத்தை மும்முறை நடத்துவதற்கு வேண்டும் நேரம் அதனினும் மிகுதி. வகுப்பில் அறுபது பிள்ளைகளை அடைத்துவிட்டு ஆசிரியனை மட்டும் குறைகூறுவது அறமாகாது என்பதும் உண்மையே.

இதனால் விளையும் நன்மை தேர்வு மதிப்பெண்ணோடு நிற்பதன்று. "எனக்குக் கணக்கு வராது" என்னும் வாக்கியத்தை நாம் எத்தனை வாயிலாகக் கேட்டிருக்கிறோம்! வழக்கறிஞர் சொல்லுவர், மளிகைக் கணக்கை நொடியிற் போடும் தாய்மார் சொல்லுவர், இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவருட் சிலரும் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடும். பிறக்கும்போதே அவ்வாக்கியத்தோடு பிறந்தார் ஒருவருமிலர். தாம் எண்ணி எழுதிய விடைக்கு எண்ணமே இல்லை என்று ஒருவர் தீர்ப்பளித்த நாளில் அது பிறந்திருக்கும். அத்தீர்ப்பு எழுதப்படுவது பெரும்பாலும் எட்டு வயதிலே. எழுதுபவர் பெரும்பாலும் நம்போன்ற கல்லூரிகளிற் கணிதம் பயின்று பட்டம் பெற்றவர்.

ஆசிரியத் தொழிலை மேற்கொள்ளவிருக்கும் மாணவ நண்பர்காள்! வரும் ஆண்டில் உங்கட்குக் குறிப்பேடு ஒன்று தரப்படும். அதில் பிள்ளைகளைப்பற்றி எழுதுமாறு பணிக்கப்படுவீர்கள். "கவனக்குறைவு" என்று எழுதுமுன், அப்பிள்ளை அடுத்து எழுதப்போகும் விடையை ஓரத்தில் எழுதிப் பாருங்கள். அது ஒத்துவந்தால், அப்பிள்ளை கவனத்தோடுதான் இருந்தது என்பது உங்கட்கே விளங்கும். ஒத்துவராவிடின், பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய், அருகில் அமர்ந்து கேளுங்கள்.