இரவல் நினைவகம்

சென்ற ஆண்டு மலர்ப் பணியின்போது நமது துறைக் கணினி ஒரு திங்களாக அணைக்கப்படாமலே இருந்தது. 1 ஜிகாபைட் நினைவகம் கொண்ட பழைய பொறி; லினக்ஸில் இயங்குவது. கம்பியில்லா இணைப்புக்கான சிறு கருவியை அதிற் செருகுவோம். அடுத்த துறையினர் கேட்டால் கழற்றிக் கொடுப்போம். ஒரு மாலை கணினி உறைந்தது. சேமிக்காதிருந்த பக்கங்கள் அழிந்தன. அவற்றுள் மூன்று, நம் ஆசிரியப் பெருந்தகை ஒருவர் தளர்ந்த குரலில் சொல்லச் சொல்ல நாம் எழுதியவை.

டிரைவர் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட பழைய மாணவர் ஒருவரிடம் இதனை முறையிட்டோம். அவர் அதே வகைக் கருவியைத் தம் கணினியிற் செருகிக் கழற்றிப் பார்த்தார். கேமெம்லீக் என்னும் சோதனை வசதி குற்றத்தைக் காட்டிக் கொடுத்தது. லினக்ஸ் மூலத்தொகுப்பிற் சேராமல் தயாரிப்பாளர் தனியே தந்த டிரைவர் அது. செருகும்போது சில மெகாபைட் வாங்கியது. கழற்றும்போது திருப்பித் தரவில்லை.

"பிற நிரல்களும் மறப்பதுண்டே, தம்பி?" என்றோம்.

"அவை முடிந்ததும் அவற்றின் நினைவகம் முழுவதையும் கெர்னலே மீட்டுக்கொள்ளும், ஐயா. டிரைவரோ கெர்னலுக்குள்ளேயே இருப்பது. அது வாங்கியதை அதுவே தர வேண்டும்."

கேமாலக் என்று கேட்டு வாங்குவது, கேஃப்ரீ என்று திருப்புவது. கேட்கும்போது அளவோடு தன் நிலைமையையும் சொல்ல வேண்டும். காத்திருக்க இயலுமாயின் ஜி.எஃப்.பி. கெர்னல், குறுக்கீட்டைக் கவனிக்கும் நொடியில், உறங்கவே கூடாத இடத்தில், ஜி.எஃப்.பி. அட்டாமிக். பின்னதற்கு 'இல்லை' என்னும் விடை எளிதிற் கிட்டும். இரப்போன் தன் நிலையை உரைத்தே இரக்க வேண்டும் என்னும் இவ்வேற்பாடு நமக்கு மிகவும் பிடித்திருந்தது.

திருப்புவதில்தான் இடர். ஐந்து படிகளில் நான்காவது தவறினால் முதல் மூன்றையும் தலைகீழ் வரிசையில் அவிழ்க்க வேண்டும். அரிதாக ஓடும் அவ்வரிகளை எவரும் சோதிப்பதில்லை. ஆகவே 2007இல் வெளிவந்த 2.6.21ஆம் பதிப்பில் புதிய முறை ஒன்று சேர்ந்தது. டெவ்எம் என்னும் முன்னொட்டுடைய செயற்கூறு வழியாக வாங்கிய நினைவகம் அந்தச் சாதனத்தின் கணக்கில் எழுதப்படும். சாதனம் பிரிந்ததும், தொடக்கமே தவறினாலும், கெர்னல் தானே மீட்டுக்கொள்ளும். எழுதுவோரின் ஞாபகத்தை நம்பாத இடைமுகம்!

நாம் வியந்து போற்றினோம், மாணவர் தலையசைக்கவில்லை. சாதனத்தைப் பிடுங்கிய பின்னும் ஏதேனும் ஒரு நிரல் அதன் கோப்பைத் திறந்தே வைத்திருக்கலாமாம். அப்போது டிரைவர், கைவிட்டுப் போன இடத்தைத் தொட்டு எழுதிவிடும். வாங்கிய பொருளின் ஆயுள் சாதனத்தோடு முடிகிறதா, அதனைப் பயன்படுத்துவோரோடு முடிகிறதா என்று முதலிலேயே தெளியாதவருக்கு இம்முறையும் கண்ணியே என்றார். இந்நுட்பம் புரிய நமக்கு இரண்டு நாள் பிடித்தது. கேஃப்ரீயை 'விடுவித்தல்' என்று வகுப்பில் மொழிபெயர்த்து வந்த நாம் அன்று முதல் 'திருப்பித் தருதல்' என்கிறோம். விடுவித்தலில் கடன்பட்ட உணர்வு இல்லை.

விடுபட்ட வரியை மாணவர் சேர்த்து அனுப்பினார். கணினி பிறகு உறையவில்லை. நாம் ஏட்டோடு ஆசிரியர் இல்லத்திற்கு மீண்டும் சென்றோம். இரண்டு பக்கங்கள் கிடைத்தன. மூன்றாவது அவர் நினைவுக்கு வரவில்லை.