துருப்பிடித்த சென்சாரும் ஒரு சனிக்கிழமையும்

மிச்சிகன் மாநிலத்தில் குளிர்காலம் வந்துவிட்டால் பனி உறையாமலிருக்க சாலையெங்கும் உப்பைக் கொட்டுவார்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே, 300 மீட்டருக்கும் கீழே, ஒரு உப்புச் சுரங்கம் இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்! சாலைக்கு நல்லதுதான். காரின் அடிவயிற்றுக்குத்தான் எமன்.

அங்கே படிக்கிற மாணவன் ஒருவனிடம் நாலு கை மாறி வந்த 1999ஆம் வருடக் கார் இருக்கிறது. ஒருநாள் 'செக் என்ஜின்' விளக்கு எரிந்தது. பெட்ரோலையும் கண்டபடி குடிக்க ஆரம்பித்தது. கருவியை மாட்டிப் பார்த்ததில் முன்பக்க ஆக்சிஜன் சென்சார் காலி என்று தெரிந்தது.

1976இல் பாஷ் நிறுவனம் செய்து வால்வோ காரில் முதன்முதலாக வந்த சமாச்சாரம் இது. புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை மோப்பம் பிடித்துச் சொல்லும். பெட்ரோல் அதிகமானால் 0.9 வோல்ட் பக்கம் போகும், காற்று அதிகமானால் 0.1 பக்கம் இறங்கும். கம்ப்யூட்டர் அதைப் பார்த்து பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். நன்றாகச் சூடேறினால்தான் வேலை செய்யும் என்பதால் எக்ஸாஸ்ட் குழாயில் கொதிக்கிற இடத்தில் திருகி வைத்திருப்பார்கள். இருபத்தைந்து வருடம் சூடாகி, ஆறி, உப்பில் குளித்தால் என்ன ஆகும்? குழாயும் சென்சாரும் ஒரே இரும்பாகிவிட்டன.

பட்டறையில், "கழலாவிட்டால் குழாயையே வெட்டி மாற்ற வேண்டியிருக்கும்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை காரின் விலையில் பாதி! அவ்வளவு பணத்துக்கு அவன் எங்கே போவான்?

வெள்ளிக்கிழமை ராத்திரி, என்ஜின் ஆறியபிறகு, துரு இளக்கும் ஆயிலை அடித்துவிட்டுப் படுத்தான். (சூடான குழாயில் அடித்தால் தீப்பிடிக்கும், ஜாக்கிரதை.) காலையில் ஸ்டாண்டு கொடுத்து வண்டியை நிறுத்தி, ஒயர் நுழைய வெட்டு விட்ட சென்சார் சாக்கெட்டை மாட்டி இழுத்தான். சாக்கெட் வாயைப் பிளந்ததுதான் மிச்சம். சென்சாரின் முனைகளும் மழுங்கத் தொடங்கின.

"நீளமா ஒரு பைப்பைச் சொருகி ஏறி நின்னுடலாமாடா?" என்றான் கூட இருந்த நண்பன்.

"மரை போச்சுன்னா குழாயே போச்சுடா!"

இதுதான் விஷயம். சென்சார் எப்படியும் குப்பைக்குப் போகிறது. அது உடைந்தால் பரவாயில்லை. காப்பாற்ற வேண்டியது குழாயிலிருக்கும் 18 மில்லிமீட்டர் மரையை. அதனால் ஒயரைத் தயங்காமல் வெட்டி எறிந்தான். இப்போது முழு வட்டமான 22 நம்பர் ரிங் ஸ்பேனர் உள்ளே போனது. ஐந்து நிமிடம் என்ஜினை ஓட்டி நிறுத்தினான். தடித்த கையுறையோடு ஒரே இழுப்பு. 'டக்'!

அப்படியே திருகிக்கொண்டே போகத்தான் கை பரபரக்கும். அங்கேதான் பலபேர் மாட்டுகிறார்கள். துருப்பொடி சிக்கி மரையை உரித்துக்கொண்டு வந்துவிடும். அவன் அரைமணி நேரம் ஆறவிட்டான். பிறகு ஆயில் விட்டு, கால் சுற்று வெளியே, திரும்பக் கொஞ்சம் உள்ளே, மறுபடி கால் சுற்று வெளியே. நாற்பது நிமிடம் ஆனது. கடைசி இரண்டு மரை மட்டும் கொஞ்சம் அடிபட்டிருந்தது. டாப்பு விட்டுச் சுத்தம் செய்தான்.

புது சென்சாரின் மரையில் மட்டும் பிடிக்காமலிருக்கும் பசை, நுனியில் ஒரு பொட்டுகூடப் படாமல். விளக்கு அணைந்தது.

இந்தக் காரில் பின்னால் இன்னொரு சென்சார் இருக்கிறது. மறுநாள் காலை வண்டி ஆறிக் கிடந்தபோது அதன் மேலும் கொஞ்சம் ஆயிலை அடித்துவிட்டு வந்தான்.