செருப்புத் தைப்பதும் ஊழியமே

திங்கள்

கன்வென்ஷன் கூட்டங்களில், முழுநேர ஊழியத்துக்குத் தங்களை ஒப்புக்கொடுப்பவர்களை முன்னால் அழைத்து ஜெபிப்பது நம் சபைகளில் நெடுநாள் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் மறுநாள் காலையில் பள்ளிக்கும் வங்கிக்கும் பட்டறைக்கும் போகிறவர்களுக்காக அப்படியொரு ஜெபம் ஏறெடுக்கப்படுவது அரிது. அவர்கள் காணிக்கை கொடுத்து ஊழியத்தைத் தாங்க வேண்டியவர்கள், அழைப்பு வேறு யாருக்கோ உரியது என்ற எண்ணம் ஊறிப்போய்விட்டது. 16ஆம் நூற்றாண்டிலேயே மார்ட்டின் லூதர் இந்தப் பிரிவினையை எதிர்த்தார். துறவியின் வாழ்வு மற்றவர்களின் உழைப்பைவிடக் கடவுளுக்கு உகந்ததல்ல, அயலாருக்குப் பயன்படும் நேர்மையான தொழில் எதுவும் அழைப்புதான் என்று அவர் வாதிட்டார். அவர் சொன்னது சரியென்றால், ஒருவருடைய அழைப்பைப் பதவியில் தேட வேண்டியதில்லை. அவர் அன்றாடம் எவ்வளவு பொறுப்போடு வேலை செய்கிறார், அதனால் யாருக்கு நன்மை என்பதில்தான் தேட வேண்டும்.

செவ்வாய்

மருத்துவ மிஷனரி ஐடா ஸ்கடரின் அழைப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் திண்டிவனத்தில் நடந்த ஓர் இரவைச் சொல்வோம். பெண் மருத்துவர் இல்லாததால் பிரசவ வேதனையில் மூன்று பெண்கள் இறந்துபோன இரவு அது. அந்த இரவை மறக்க வேண்டாம். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. அவர் அமெரிக்கா சென்று மருத்துவம் படித்தார். 1900இல் திரும்பி வந்து வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் சிகிச்சையைத் தொடங்கினார். 1909இல் செவிலியர் பயிற்சியும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் வந்தன. அழைப்பு ஓர் இரவில் வந்திருக்கலாம். அதற்குக் கீழ்ப்படிந்தது பாடத்திலும் தேர்விலும் கணக்குப் புத்தகத்திலும் கழிந்த பல ஆண்டுகள். உருக்கமான தீர்மானத்தை மட்டும் கொண்டாடிவிட்டுத் திறமையை உலகக் காரியம் என்று ஒதுக்கினால், அவர் வாழ்க்கையிலிருந்து பாதியைத்தான் கற்றவர்களாவோம்.

புதன்

வேலூருக்கு அருகிலுள்ள கரிகிரி தொழுநோய் மருத்துவமனை இன்னும் தெளிவான சான்று. கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, மருத்துவத்துக்கு முன்பே கட்டட வேலை பழகியிருந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூருக்கு வந்தார்; பின்னர் கரிகிரியிலும் பணியாற்றினார். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் பெரும்பாலும் நோயால் நேரடியாக அழிவதில்லை, வலி தெரியாததால் ஏற்படும் காயங்களாலேயே அழிகின்றன என்று அவர் காட்டினார். உணர்ச்சியற்ற பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது. நடக்க நடக்க, அழுத்தம் விழும் அதே இடத்தில் புண் ஆழமாகும். அறுவை சிகிச்சை மட்டும் போதாது. உள்ளே மிருதுவான ரப்பர், கெட்டியான அடித்தட்டு, கழன்றுவிடாதபடி குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார் என்று தனிச் செருப்பு வேண்டியிருந்தது. அதில் ஆணி அடிக்கக் கூடாது, ஏனென்றால் ஆணி மேலே எழும்பினால் போட்டிருப்பவருக்குத் தெரியாது. அந்தப் பாதத்தைக் காப்பதில் அறுவை மருத்துவருக்குள்ள பங்கு செருப்புத் தைப்பவருக்கும் உண்டு. தையல் சரியாக இல்லையென்றால் அவர் எவ்வளவு உருகி ஜெபித்தாலும் புண் வரும். அங்கே அன்பு என்பது ஒழுங்காகத் தைத்த தையல்தான்.

வியாழன்

இதற்குக் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு. சாதியின் பெயரால் தொழில்களைத் தலைமுறை தலைமுறையாகச் சுமத்திய நாட்டில், எல்லா வேலையும் அழைப்பே என்பது அடிமைத்தனத்துக்கு ஆசீர்வாதம் சொல்வதாகாதா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. வேலையை ஆண்டவருக்கே செய்வதாக எண்ணச் சொல்லும் கொலோசெயர் நிருபப் பகுதி அடிமைகளுக்கு எழுதப்பட்டது என்பதும் உண்மை. ஆனால் அடுத்த அதிகாரத்தின் தொடக்கமே எஜமான்களை நீதியும் நேர்மையுமாய் நடக்கச் சொல்கிறது. அறுவடை செய்தவர்களின் கூலியைப் பிடித்துவைத்தவர்களை யாக்கோபு வெளிப்படையாகவே கண்டிக்கிறார். அயலாருக்குச் சேவை செய்வதுதான் அழைப்பு. பிறந்த குலத்தின் தொழிலுக்குள் அடைந்துகிடப்பது அழைப்பு ஆகாது. மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அங்கே கிறிஸ்தவனின் அழைப்பு, அந்த வேலையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதல்ல, அதை ஒழிப்பது.

வெள்ளி

இன்னொரு மறுப்பு நம் பக்கத்திலிருந்தே வரும்: எல்லாமே ஊழியமென்றால் சுவிசேஷ ஊழியத்துக்கு என்ன தனி மதிப்பு? பிரசங்கம் செய்வதும் வீடு வீடாகப் போய் ஜெபிப்பதும் அவசியமான பணிகள். சுகாதார நிலையத்தில் எரிந்து விழாமல் மருந்து கொடுப்பவரையும், லஞ்சம் வாங்காமல் கோப்பை நகர்த்துகிறவரையும் ஊழியர் என்பதால் அவற்றின் மதிப்பு குறையாது; பிரசங்கம் கேட்கிறவர்களுக்கு அதை நம்பக் காரணம்தான் கிடைக்கும். ஆகவே போதகர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும் என் வேண்டுகோள் இது. வருகிற ஞாயிற்றுக்கிழமை, திங்களன்று வேலைக்குப் போகிற எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி அவர்களுக்காக ஜெபியுங்கள். சபை நடத்தும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் வேலை செய்பவர்களுக்கு நியாயமான சம்பளம் உரிய நாளில் கிடைக்கிறதா என்றும் அதே வாரத்தில் விசாரியுங்கள். இந்த இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் செய்யாதீர்கள்.