எங்களுக்கு ஒரு கணக்கு, டெல்லிக்கு ஒரு கணக்கு

2008 தொகுதி மறுவரையறையில்தான் எங்கள் சோழிங்கநல்லூர் ஒரு சட்டமன்றத் தொகுதியானது. முதல் எம்.எல்.ஏ.வை 2011இல் தேர்ந்தெடுத்தோம். கே.பி.கந்தன் ஜெயித்தார். "இனிமே தண்ணிக்கும் ரோட்டுக்கும் போய் நிக்க நமக்குன்னு ஒரு ஆள் இருக்கார்" என்று தெருவே பேசிக்கொண்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் பள்ளி ஆசிரியை, கூடவே வாக்குச்சாவடி நிலை அலுவலர் (பி.எல்.ஓ.). வாக்காளர் பட்டியலில் ஒரு பாகம் என் பொறுப்பு. பழைய மகாபலிபுரம் சாலை அடுக்குமாடிகளில் பூத் சிலிப் விவகாரம் வாசல் காவலாளியோடு முடிந்துவிடும். செம்மஞ்சேரி மறுகுடியமர்வுக் குடியிருப்பிலோ நான் தெருமுனையில் திரும்பும்போதே "டீச்சர், என் பேரு ஏறிடுச்சா?" என்று சுற்றிக்கொள்வார்கள். நகரத்துக்குள்ளிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து இறக்கிவிடப்பட்டவர்கள் அவர்கள். வீடு இங்கே, ஓட்டு பழைய இடத்தில். படிவம் நிரப்பி நிரப்பி என் பாகம் வீங்கும்; பிரிப்பார்கள்; மறுபடி வீங்கும்.

ஏன் இப்படி என்பது பிறகுதான் புரிந்தது. எங்கள் எல்லையை வரைந்தது 2001 மக்கள்தொகையை வைத்து. ஐ.டி. நிறுவனங்களும் கண்ணகி நகர், பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளும் நிரம்பியதெல்லாம் பெரும்பாலும் அதற்குப் பிறகு. முதல் ஓட்டு விழும்போதே தொகுதியின் கணக்குக்குப் பத்து வயது. 2021 தேர்தலில் இங்கே வாக்காளர்கள் ஏழு லட்சத்தை நெருங்கிவிட்டார்கள், மாநிலத்திலேயே அதிகம். அதே சென்னையில் துறைமுகம் தொகுதியில் இரண்டு லட்சம்கூட இல்லை. இரண்டுக்கும் ஒரே ஒரு எம்.எல்.ஏ.; தொகுதி மேம்பாட்டு நிதியும் ஆளுக்கு மூன்று கோடிதான். அந்தத் தேர்தலில் வேட்பாளர் செலவு உச்சவரம்பு 30.8 லட்சம். எங்கள் ஊரில் தலைக்கு ஐந்து ரூபாய்கூட வராது. (நிஜச் செலவைப் பற்றி நான் பேசவில்லை.)

இனிச் சொல்லப்போவதை வெளியே சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான். 2025 மார்ச்சில் சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டம் கூடி, மக்கள்தொகைப்படி மக்களவைத் தொகுதிகளைப் பிரித்தால் குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த தமிழ்நாடு தண்டிக்கப்படும் என்றது. ஆசிரியர் அறையில் அதை எல்லோரையும்விட உரக்க ஆதரித்தது நான். சாயங்காலம் பட்டியலை விரித்து உட்கார்ந்தால், மறுவரையறை எப்போது வரும் என்று மனசு ஏங்குகிறது. உத்தரப்பிரதேசம் தலையை எண்ணச் சொன்னால் அநியாயம். சோழிங்கநல்லூர் சொன்னால் நியாயமா?

துறைமுகம் தொகுதியில் வேலை பார்க்கும் தோழி ஒருவரிடம் புலம்பினேன். எனக்கு மூத்தவர், அவரும் பி.எல்.ஓ.தான். "எங்க பக்கம் கடையும் கோடவுனுமா ஆயிடுச்சு, குடியிருக்கிற ஜனம் குறைஞ்சுபோச்சு. அதுக்கு எங்க எம்.எல்.ஏ.வைப் புடுங்கி உனக்குக் கொடுக்கணுமா?" என்றார். நான் டெல்லியைக் கேட்பது இதைத்தானே.

யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. 2001இன் அரசியலமைப்பு 84ஆம் திருத்தம் மாநிலங்களுக்கான இடங்களின் எண்ணிக்கையை 2026க்குப் பிறகான முதல் கணக்கெடுப்பு வரை உறையவைத்தது. 2003இன் 87ஆம் திருத்தம் அதைத் தொடாமல், மாநிலத்துக்குள் மட்டும் 2001 கணக்கெடுப்பின்படி எல்லைகளைத் திருத்த வழிவிட்டது. எங்கள் தொகுதி பிறந்ததே அந்த வழியில்தான். தமிழ்நாட்டுக்குச் சட்டமன்றத்தில் 234, மக்களவையில் 39 என்பது மாறவில்லை, உள்கோடுகள் மாறின. மாநிலங்களுக்கு இடையே இருப்பது கூட்டாட்சி உடன்பாடு. ஒரே நகரத்தின் இரண்டு தொகுதிகளுக்கு நடுவே அப்படி எந்த உடன்பாடும் கிடையாது. அதனால் வெளிக்கணக்கு உறைந்தே இருக்கட்டும், உள்கணக்கை ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் திருத்தட்டும் என்பது என் கட்சி.

தோழியிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, துறைமுகத்தை உடைச்சா எதோட சேர்ப்பே? ராயபுரத்தோடயா?" என்றார்.

"அந்தப் பக்கத்து எல்லையெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா" என்றேன்.

"அதான் பார்த்தேன்" என்றார்.