ஸ்டூலில் அடுக்கிய புடவைகள்

தீபாவளிக்கு அம்மாவுக்குப் புடவை எடுக்கப் போயிருந்தேன். "வாங்கம்மா" என்று கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். ஏழு வருஷத்துக்கு முன் என்னிடம் தமிழ் படித்தவள். குறுந்தொகை வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். இப்போது காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பதரை வரை சுங்குடிப் புடவைகளுக்கு நடுவில் நிற்கிறாள்.

பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதன்மேல் பிரித்துப்போட்ட புடவைகள்.

அந்த ஸ்டூல் சும்மா வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலைபார்த்த பெண்கள், பி. விஜி முன்நிற்க, 'பெண்கூட்டு' என்று திரண்டார்கள். முதலில் கேட்டது கழிப்பறை. பிறகு உட்கார இடம். வருஷக்கணக்கில் போராடிய பின் 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் தன் 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது: ஊழியர் எல்லோருக்கும் இருக்கை தர வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம்.

'வாய்ப்பு' என்ற சொல்லில்தான் சிக்கல். அது வந்துவிட்டதென்று யார் சொல்வது? ஆள் வராத நேரத்தில் மடித்து அடுக்கும் வேலை இருக்கிறது. "உக்காந்தா வேலை இல்லாம இருக்கோம்னு அர்த்தம்மா" என்றாள். கழிப்பறை ஐந்தாவது மாடியில். தண்ணீரைக் குறைத்துக்கொண்டாளாம். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டிருப்பதை, புடவையைக் கொஞ்சம் தூக்கி, ஏதோ புது டிசைனைக் காட்டுவதுபோலக் காட்டினாள்.

எங்கள் கல்லூரியில் 'பணியிடப் பன்முகத்தன்மை' என்று ஒரு கருத்தரங்கு நடந்தது. பெண்கள் எத்தனை சதவீதம் என்பதிலேயே முழு நாளும் போயிற்று. நானும் ஒரு அமர்வுக்குத் தலைமை தாங்கினேன். இந்தக் கடையைச் சதவீதத்தில் யாரும் குறை சொல்ல முடியாது, தளம் முழுக்கப் பெண்கள்தான். பெண்கள் வந்ததற்காகக் கடை எதை மாற்றிக்கொண்டது என்று அன்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

நான் நின்றுகொண்டுதான் பாடம் நடத்துவேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு. பின்னால் நாற்காலி இருக்கிற தைரியத்தில் வந்த பெருமை அது.

"கொஞ்ச நேரம் உக்காரேன்மா, நான் எதுவும் நினைக்க மாட்டேன்" என்றேன். அவள் என் தோளுக்குமேல் சூப்பர்வைசரைப் பார்த்தாள்.

"நீங்க கிளம்பினதும் உக்கார்றேம்மா."

அதுவரை பதினேழு புடவைகளை இறக்கச் சொல்லியிருந்தேன். எடுத்தது ஒன்று. பில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது மீதிப் பதினாறையும் அவள் நின்றபடி மடித்துக்கொண்டிருந்தாள்.