ஸ்பீக்கரை மாற்றும் முன் சித்தன்னவாசல் போய் வாருங்கள்!

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் சாலையில் சுமார் 16 கி.மீ. சென்றால் சித்தன்னவாசல். 9-ஆம் நூற்றாண்டுத் தாமரைக்குள ஓவியத்தைப் பார்க்க வருகிறவர்களே அதிகம். ஆனால், வீட்டு ஹோம் தியேட்டரை மாற்றலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இந்தச் சமணக் குடைவரையில் ஒரு பாடம் இருக்கிறது.

கருவறை, பக்கத்துக்குச் சுமார் ஒன்பதரை அடி உள்ள சதுரம். சுற்றிலும் கல்; மேலேயும் கல். நடுவில் அமர்ந்து, வாயை மூடியபடி ‘ம்...’ என்று மெல்ல ஒலி எழுப்பினால், ஒரு குறிப்பிட்ட சுருதியில் அறையே சேர்ந்து ரீங்கரிக்கும். மைக் இல்லை, ஆம்ப்ளிஃபயர் இல்லை. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, புதிதாக எழும் ஒலியோடு கைகோப்பதுதான் காரணம்.

தியானத்துக்கு இனிக்கும் இந்த ரீங்காரம், சினிமா வசனத்துக்கு எதிரி. டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், கான்கிரீட் கூரை என நம் வீட்டு ஹாலும் இதே ரகம்தான். பேஸ் கும்மென்று அடிக்கும், வசனம் புரியாது. 5.1 செட்டைக் கொடுத்துவிட்டு டால்பி அட்மாஸ் வாங்கினாலும் அறை அதேதானே?

முதலில் சப்வூஃபரை மூலையிலிருந்து நகர்த்திப் பாருங்கள். தரைவிரிப்பு, கனமான திரைச்சீலை, புத்தக அலமாரி மூன்றும் எதிரொலியைக் குறைக்கும். ஸ்பீக்கரே கரகரத்தால் மாற்றத்தான் வேண்டும். மற்றபடி, ஒரு மாதம் இப்படிக் கேட்டுவிட்டு போனஸ் பணத்தை எடுங்கள்.

குடைவரை, மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஓவியங்களைத் தொடாதீர்கள், கத்தவும் வேண்டாம். மெல்லிய குரலுக்கே அந்த அறை பதில் சொல்லும்.